267, 268 எங்கே? – பெரிய கோப்பைத் துண்டு போடுவது பற்றி ஒரு குறிப்பு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மந்தைவெளியில் ஒரு மாமி வீட்டுக்குப் போயிருந்தேன். மேஜை மேல் நாலு சிடி. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் அழகான கையெழுத்து: "மயிலைக் குறிப்புகள், பேக்கப், 1/4", "2/4", "3/4", "4/4".

மாமா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2006இலிருந்து 2014 வரை, வாரத்துக்கு ஒன்று என்கிற கணக்கில், மயிலாப்பூரைப் பற்றி இணையத்தில் சின்னச் சின்னதாக எழுதிவந்தார். எந்தத் தெருவில் எந்த வீட்டுத் திண்ணை எப்போது இடிந்தது, எந்தக் கிணறு எந்த அபார்ட்மென்ட்டுக்கு அடியில் போச்சு, கச்சேரி ரோடில் எந்தக் கடை எந்தக் கடையாக மாறியது, இந்த மாதிரி. வேறு யாரும் எழுதாத விஷயங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பிலேயே நம்பர் போடுவார்: மயிலைக் குறிப்பு 1, மயிலைக் குறிப்பு 2. பார்வை மங்கிப் போனதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். அவருடைய நோட்டில் கடைசி எண் 412.

அப்போது அவர்கள் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்தில் இருந்தார்கள். 2015 டிசம்பரில் அடையாறு உள்ளே வந்தது. கம்ப்யூட்டர் போனது. அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த சிடிகளும் நனைந்தன. 2018இல் மாமா போய்விட்டார். அதற்கப்புறம் தளத்துக்கு யாரும் பணம் கட்டவில்லை, ஒருநாள் அதுவும் காணாமல் போனது. மிச்சம் இந்த நாலு சிடிதான்.

"திறக்க வருமா வராதான்னு மட்டும் சொல்லுப்பா. வராதுன்னா நான் மனசைத் தேத்திக்கறேன்" என்றார் மாமி.

வந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெரிய ஒன்றைத் துண்டு போட்டு வைப்பது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த வேலை இல்லை. நம் ஊரில் இரண்டாயிரம் வருஷப் பாட்டுகள் தப்பி வந்ததே அந்த வேலையால்தான். அதை நம் முன்னோர் எங்களைவிட நன்றாகவே செய்திருக்கிறார்கள்.

நாலு தூண் மண்டபம்

முதலில் சிடிகளுக்குள் என்ன இருந்தது என்று பார்ப்போம். ஒரு வலைத்தளத்தின் எழுத்தெல்லாம் டேட்டாபேஸ் ஒன்றில் அட்டவணை அட்டவணையாக இருக்கும். பதிவுகளுக்கு ஓர் அட்டவணை, பின்னூட்டங்களுக்கு ஒன்று, அமைப்புகளுக்கு ஒன்று. பேக்கப் எடுக்கும்போது இவை எல்லாம் ஒரே நீண்ட எழுத்துக் கோப்பாக வெளியே வரும். "இந்தப் பெயரில் ஓர் அட்டவணையை உண்டாக்கு, அதில் இந்த வரிசைகளைப் போடு" என்று கட்டளை கட்டளையாக எழுதப்பட்ட கோப்பு. அதை இன்னொரு கம்ப்யூட்டரில் முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டால் தளம் மறுபடி எழுந்து நிற்கும்.

மாமா அந்தக் கோப்பை ரார் முறையில் சுருக்கி, நாலு துண்டாக்கி, அந்தந்த வருஷப் படங்களோடு ஒரு சிடிக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்தார். நியாயம் என்னவென்று ஊகிக்க முடிகிறது. எல்லாவற்றையும் ஒரே சிடியில் வைத்து அது போனால் எல்லாம் போகும், நாலாகப் பிரித்தால் கால் பங்குதானே போகும்?

இங்கேதான் சிக்கல். இப்படிச் சுருக்கிப் பிரித்த துண்டு தனியாக எதுவும் பேசாது. நாலும் சேர்ந்தால்தான் ஒரு கோப்பு. நாலு தூணில் நிற்கும் மண்டபத்தில் ஒரு தூணை எடுத்தால் முக்கால் மண்டபம் மிஞ்சாது. ஒரு சிடி கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்போ, முழு பேக்கப்பும் கெட்டுப்போக அதைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு வாய்ப்பு. ஜாக்கிரதையாக இருக்கப்போய் ஆபத்தை அதிகமாக்கிக்கொண்டார் பாவம். அதே மென்பொருளில் கூடுதலாக ஒரு மீட்புத் துண்டு உண்டாக்கும் வசதியும் உண்டு. அது ஒன்று இருந்தால் நாலில் எது போனாலும் அதைத் திரும்பக் கட்டிவிடலாம். அந்த வசதி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

முதல் சிடி படித்தது. இரண்டாவதும் படித்தது. நாலாவது கூடப் படித்தது. மூன்றாவதின் பின்பக்கம் தேமல் மாதிரி வெளுத்திருந்தது. இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பார்த்தேன். தி.நகரில் ஒரு கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல கண்ணாடிதான் பார்க்கலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆக, முதல் இரண்டு துண்டை மட்டும் வைத்துப் பிரித்தெடுத்தேன். ஒரு ஜிபிக்கு மேல் எழுத்து வந்தது. அடேயப்பா, இவ்வளவா என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் அரைமணி நேரம் நீடித்தது.

பேக்கப் எடுக்கும் கருவி அட்டவணைகளை அகர வரிசையில், அதாவது ஆங்கில அகர வரிசையில், எழுதும். பின்னூட்டத்துக்கான ஆங்கிலச் சொல் 'சி'யில் ஆரம்பிக்கிறது, பதிவுக்கான சொல் 'பி'யில். ஆகவே பின்னூட்டங்கள் முன்னால், பதிவுகள் பின்னால். மாமா தளத்துக்கு எட்டு வருஷத்தில் வந்து குவிந்த குப்பைப் பின்னூட்டங்கள், அதாவது மாத்திரை விற்கிறவர்கள், கடன் கொடுக்கிறவர்கள், கைக்கடிகார வியாபாரிகள், ஒன்று விடாமல் பத்திரமாக இருந்தன. பதிவுகளின் அட்டவணை ஆரம்பித்து, 342ஆம் குறிப்பின் நடுவில், ஒரு வாக்கியத்தின் பாதியில், ஒரு கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நின்றுவிட்டது. கடைசி எழுத்துகூட முழுசாக இல்லை.

எழுத்தின் நடுவில் வெட்டு

எழுத்துகூட முழுசாக இல்லை என்பது அலங்காரத்துக்குச் சொன்னதில்லை. இன்று நாம் இணையத்தில் எழுதும் யூனிகோடு தமிழ் பெரும்பாலும் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'க' மூன்று பைட். 'கி' என்பது க-வும் இகரக் குறியும் சேர்ந்தது, ஆறு பைட். 'ஸ்ரீ' என்ற ஒன்றுக்குள் நாலு குறிகள், பன்னிரண்டு பைட். ஆக, "ஐம்பது எம்பிக்கு ஒரு துண்டாக வெட்டு" என்று கணக்குப் பார்த்து அறுத்தால், அறுக்கிற கத்தி எழுத்தின் வயிற்றில் இறங்க நிறைய வாய்ப்பு. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கிடைத்ததை வைத்துத் தளத்தைத் திரும்ப எழுப்பலாம் என்று ஒரு வாடகை சர்வர் எடுத்தேன். அங்கே இந்த ராட்சசக் கோப்பு உள்ளே போகவில்லை. வலைப்பக்கம் வழியாக ஏற்றும் கோப்புக்குப் பிஎச்பி மொழியின் இயல்பான வரம்பு 2 எம்பி. வாடகைக்கு விடுகிறவர்கள் அதைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார்கள், அவ்வளவுதான். ஆகத் துண்டு போடாமல் வழியில்லை. மூன்று தடவை முயற்சி பண்ணினேன். இரண்டு தடவை தோற்றேன்.

முதல் தடவை அளவு பார்த்து வெட்டினேன். மேலே சொன்ன கதைதான். எழுத்தும் உடைந்தது, கட்டளையும் உடைந்தது.

இரண்டாம் தடவை வரிக்கணக்கில் வெட்டினேன். யூனிக்ஸ் காலத்திலிருந்தே இதற்கென்று 'ஸ்ப்ளிட்' என்ற சின்னக் கருவி இருக்கிறது. ஒன்றும் சொல்லாவிட்டால் ஆயிரம் வரிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் போடும். ஆனால் டேட்டாபேஸ் பேக்கப்பில் ஒரு வரி என்பது நாம் நினைக்கிற வரி இல்லை. வேகத்துக்காக நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒரே கட்டளையில், ஒரே வரியில் கோத்து எழுதியிருக்கும். ஒரு வரியே ஒரு எம்பி. இருந்தாலும் சமாளித்து ஏற்றிவிட்டேன். பெருமையாக உலாவியைத் திறந்தால், முதல் துண்டிலிருந்து வந்தது நல்ல தமிழ். இரண்டாம் துண்டிலிருந்து எல்லாம் கிறுக்கல். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி 'ஏ', மறுபடி 'ஆர்'. தமிழ்த் தளம் உடைந்தால் எப்போதும் வருகிற அதே முகம்.

காரணம் புரிய ஒரு ராத்திரி ஆனது. பேக்கப் கோப்பின் தலைப்பில், "இனி வருவதை யூடிஎஃப்-8 என்று படி" என்று ஒரே ஒரு வரி ஆணை இருக்கிறது. நான் வெட்டியபோது அந்த வரி முதல் துண்டோடு போய்விட்டது. மற்றத் துண்டுகள் அநாதைகள். தாங்கள் யார், எந்த மொழி என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியவில்லை. சர்வர் தனக்குத் தெரிந்த ஐரோப்பிய எழுத்தாக நினைத்து வாசித்துவிட்டது.

மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. முதலில் அட்டவணை வாரியாகப் பிரித்தேன். குப்பைப் பின்னூட்ட அட்டவணையைத் தூக்கி ஓரமாக வைத்ததுமே ஒரு ஜிபி நாற்பது எம்பிக்கு வந்துவிட்டது. பிறகு பதிவுகளை ஐம்பது ஐம்பதாக, ஒரு பதிவின் நடுவில் வெட்டாமல் பிரித்தேன். ஒவ்வொரு துண்டின் தலையிலும் அந்த ஆணை வரியைத் திரும்ப எழுதினேன். துண்டின் பெயரிலேயே எந்த அட்டவணை, எத்தனையாவது, மொத்தம் எத்தனையில் என்று போட்டேன். ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கிற துண்டு, தன் இடத்தைத் தானே சொல்கிற துண்டு.

இதைச் செய்து முடித்த அன்று ராத்திரி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இதை நான் முன்னாடியே எங்கேயோ படித்திருக்கிறேனே?

அளவால் பிரித்த தொகை

சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் முன்னால் இருந்ததும் இதே பிரச்சினைதான். பல புலவர்கள் பல காலத்தில் பாடிய தனிப்பாட்டுகள் ஒரு பெருங்குவியல். எல்லாவற்றையும் ஒரே சுவடியில் கட்ட முடியாது. எப்படிப் பிரிப்பது?

அகப்பாட்டுகளை அவர்கள் பிரித்த விதத்தைப் பாருங்கள். 4 முதல் 8 அடி வரை உள்ளவை குறுந்தொகை. 9 முதல் 12 வரை நற்றிணை. 13 முதல் 31 வரை அகநானூறு. அதனால்தான் அதற்கு நெடுந்தொகை என்று இன்னொரு பெயர். இது சுத்தமாக அளவு வைத்துப் பிரித்த பிரிவினை. ஆனால் கத்தி பாட்டின் நடுவில் இறங்கவில்லை. பாட்டு என்பது உடையாத அலகு, அதை எந்தக் கட்டில் வைப்பது என்பது மட்டுமே அளவைப் பொறுத்தது. (குறுந்தொகையில் 307, 391 இரண்டும் ஒன்பது அடி. விதியை மீறி உள்ளே வந்துவிட்டவை. எந்தத் தரவுக்குவியலிலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்யும்.)

அகநானூற்றை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 400 பாட்டை மூன்று துண்டாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். 1 முதல் 120 வரை களிற்றியானை நிரை, 121 முதல் 300 வரை மணிமிடை பவளம், 301 முதல் 400 வரை நித்திலக் கோவை. பெயரைக் கேட்டாலே எந்தத் துண்டு என்று தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், எண் வரிசை. ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலைத்திணை. 2, 8 என்று முடிவதெல்லாம் குறிஞ்சி. 4இல் முடிந்தால் முல்லை, 6இல் முடிந்தால் மருதம், பத்துப் பத்தாக வருவதெல்லாம் நெய்தல்.

இதைப் பள்ளிக்கூடத்தில் ஏதோ அழகுக்காகச் செய்தது என்று சொல்லிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரில் கை வைத்தவனுக்கு இது வேறு மாதிரி தெரியும். இது ஒரு சரிபார்ப்பு எண். 137ஆம் பாட்டு என்று சொல்லி யாராவது ஒரு மருதப் பாட்டை நீட்டினால், எங்கேயோ ஏடு இடம் மாறியிருக்கிறது என்று அந்த நிமிஷமே சொல்லிவிடலாம். பாட்டின் பொருளே அதன் இடத்துக்குச் சாட்சி. கம்ப்யூட்டரில் பாரிட்டி என்பார்கள், ஒற்றையா இரட்டையா என்று பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் முறை. நம்மவர் ஒற்றைக்குப் பாலை, இரட்டைக்கு மற்றவை என்று வைத்திருக்கிறார்கள். இந்த நோக்கத்தோடுதான் செய்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பலன் அதுதான்.

இந்த அகநானூற்றை முதன்முதலில் அச்சில் வெளியிட்ட கம்பர் விலாஸம் வே. இராஜகோபாலையங்கார் இருந்ததும் மயிலாப்பூரில்தான். மாமாவின் குறிப்புகளில் அவர் பெயர் தட்டுப்பட்டபோது ஒரு நிமிஷம் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

பதிற்றுப்பத்து இன்னொரு பாடம். பத்து அரசர், ஆளுக்குப் பத்துப் பாட்டு. ஒவ்வொரு பத்துக்கும் கடைசியில் ஒரு பதிகம். பாடியவர் யார், பாடப்பட்டவர் யார், அவர் என்ன செய்தார், புலவருக்கு என்ன பரிசு கொடுத்தார், எத்தனை வருஷம் ஆண்டார் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாகத் துறை, வண்ணம், தூக்கு, பெயர். நான் ஒரு ராத்திரி முழித்துக் கற்றுக்கொண்ட 'தலைப்பு வரியை ஒவ்வொரு துண்டிலும் திரும்ப எழுது' என்பது இதுதானே? முதல் பத்தும் பத்தாம் பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. கட்டின் இரண்டு ஓரமும் போய்விட்டது. ஆனால் நடுவில் உள்ள எட்டுப் பத்தும் யாரையும் நம்பாமல் முழுசாக நிற்கின்றன. மாமாவின் ரார் கோப்பில் மூன்றாவது போனதும் நாலாவது செத்துப்போனதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரிசை காட்டும் தந்திரங்கள்

ஓலைச்சுவடியில் ஏட்டின் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் போடுவது வழக்கம். கயிறு அறுந்து ஏடுகள் கலைந்தால் திரும்ப அடுக்க அந்த எண்தான் துணை. ஆனால் ஓரம்தானே முதலில் பூச்சி அரிக்கும் இடம்? எண் போய்விட்டால்?

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள்: அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு ஆரம்பிக்கும். அபிராமி அந்தாதியின் நூறு பாட்டையும் கலைத்துப் போட்டுவிட்டு, எண்ணை அழித்துவிட்டு ஒரு குழந்தையிடம் கொடுங்கள், அடுக்கிவிடும். நடுவில் ஒன்று இல்லாவிட்டால் 'இங்கே ஒன்று குறையுது' என்றும் சொல்லிவிடும். மனப்பாடம் பண்ண வசதி என்பார்கள். உண்மைதான். மனசும் ஒரு சேமிப்புக் கிடங்குதானே?

தேவாரத்தில் இன்னொரு நுட்பம். ஒரே திரட்டை இரண்டு விதமாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். பண் வாரியாக அடுக்கினால் பண்முறை, ஊர் வாரியாக அடுக்கினால் தலமுறை. ஓதுவாருக்கு முதல் முறை வசதி, யாத்திரை போகிறவருக்கு இரண்டாவது. எதை வைத்துப் பிரிப்பது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, யார் தேடப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இது எந்த டேட்டாபேஸ் வகுப்பிலும் முதல் வாரத்துப் பாடம்.

சிதம்பரத்தில் பூட்டிய அறைக்குள் செல்லரித்துக் கிடந்த ஏடுகளை அரசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டார்கள், கிடைத்தது கொஞ்சம்தான் என்பது திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை. மயிலாப்பூர்க்காரர்களுக்கு அதைவிட நெருக்கமான மீட்புக் கதை ஒன்று உண்டு. பாம்பு கடித்து இறந்த மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் ஒரு குடத்தில் போட்டுப் பாதுகாத்தார். சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து பெண் எழுந்து வந்தாள். அந்தப் பதிகம் பாட்டுக்கு ஒன்றாக மயிலையின் திருநாள்களை அடுக்குகிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம் என்று மாச வரிசை தப்பாமல் போகும். கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவை சந்நிதிக்கு முன்னால் நின்றபோது, வரிசை தப்பாமல் சொன்னால்தான் குடத்தில் இருப்பது உயிரோடு வரும் போலிருக்கிறது என்று தோன்றியது. பக்தர்கள் மன்னிக்கவும்.

அச்சுக் காலத்திலும் இது தொடர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன் வேலை 1913இல் ஆரம்பித்தது. முதல் பகுதி 1924இல் வெளிவந்தது, ஆறு தொகுதிகளும் முடிய 1936 ஆனது. முதலில் சாண்ட்லர், பிற்பாடு எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியர். எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல் பகுதி பகுதியாக வெளியிட்டுக்கொண்டே போனார்கள். ஆறு தொகுதிக்கும் பக்க எண் தொடர்ச்சியாக ஓடுகிறது, நாலாயிரத்தை நெருங்குகிறது. நடுவில் ஒரு தொகுதியை யாராவது இரவல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அலமாரியில் எது இல்லை, எத்தனை பக்கம் இல்லை என்று உடனே தெரியும்.

இணையக் காலத்துக்கு வந்தால் மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று ஆரம்பித்தது. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தியது. அதற்கு முன்பே அவர் உருவாக்கி இலவசமாகக் கொடுத்த எழுத்துருவின் பெயர் என்ன தெரியுமா? மயிலை! தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களுக்கு வரிசை எண் உண்டு. முதல் எண் திருக்குறளுக்கு. பெரிய நூல்களைப் பல கோப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நூல் எது, எந்தப் பகுதி, தட்டச்சு செய்தது யார், பிழை திருத்தியது யார் என்ற விவரம். மயிலை எழுத்துரு, டிஸ்கி, யூனிகோடு என்று குறியேற்றம் மாறிக்கொண்டே வந்த காலத்தில் அந்தக் கோப்புகள் கிறுக்கலாகாமல் தப்பியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். எந்தக் கோப்பு எந்த எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே மாற்ற முடியும்?

இல்லாததை எண்ணுவது

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். நானூறு பாட்டு. ஆனால் எந்தப் பதிப்பைத் திறந்தாலும் 266க்கு அடுத்து 269. நடுவில் இரண்டு எண் இருக்கும், பாட்டு இருக்காது. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்திருக்கும், அங்கே புள்ளிகள். நற்றிணையில் 234 இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை.

எண்ணை மாற்றிப் போட்டு, 269ஐ 267 ஆக்கி, "புறநானூறு, மொத்தம் 398" என்று அச்சிட்டிருக்கலாம். பார்க்க ஒழுங்காக இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. தொலைந்தது தொலைந்ததாகவே, அதன் நாற்காலியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். யாராவது எங்கேயாவது ஒரு ஏட்டை எடுத்துக்கொண்டு வந்தால் உட்கார இடம் தயார். பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூல் நிலையத்துப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு காலி எண்கள்தான் ஞாபகம் வருகின்றன. பல சுவடியைத் தேடி, ஒப்பிட்டு, கடைசியில் "கிடைக்கவில்லை" என்று எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

மாமி கேட்டதற்கு வருகிறேன்.

341 குறிப்புகள் முழுசாக வந்துவிட்டன. 342 பாதி. 343இலிருந்து 412 வரை எழுபது குறிப்புகள் பேக்கப்பில் இல்லை. எழுபது என்று என்னால் துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் டேட்டாபேஸ் இல்லை. அதன் உள் எண்கள் படங்களுக்கும் திருத்தங்களுக்கும் சேர்த்து ஓடுவதால் அவற்றில் எப்போதும் இடைவெளி இருக்கும். மாமா ஒவ்வொரு தலைப்பிலும் கையால் போட்ட எண்தான் காரணம். பழைய சுவடிக்காரர் பழக்கம் அவருக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது.

எழுபதில் 26 குறிப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவின் பழைய பக்கங்களில் கிடைத்தன. அவருடைய பழைய வாசகர் ஒருவர் அச்செடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார், அதில் 13. மிச்சம் 31.

கிடைத்ததை எல்லாம் போன வாரம் ஐம்பது ஐம்பது குறிப்பாக, தனித்தனிக் கோப்பாக, எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய வெறும் எழுத்தாக எழுதினேன். ஒவ்வொன்றின் தலையிலும் யார் எழுதியது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மொத்தம் எத்தனைக் கோப்பில் இது எத்தனையாவது என்று போட்டிருக்கிறேன். சரிபார்ப்பு எண்களைத் தனிக் காகிதத்தில் அச்செடுத்தாயிற்று. முழுப் பிரதி ஒன்று மந்தைவெளியில், ஒன்று என்னிடம், ஒன்று ஹைதராபாத்தில் மாமியின் பையனிடம். துண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் முழுசாக இருக்கிறது. துண்டு போடுவது தூக்கிச் செல்ல, பிரதி எடுப்பது காப்பாற்ற. இரண்டும் வேறு வேலை என்பதை மூன்றாவது சிடி சொல்லிக்கொடுத்துவிட்டது.

பென் டிரைவைக் கொடுக்கப் போனபோது மாமியிடம் 31 இல்லை என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. சொன்னேன். காலி எண்களையும் காட்டினேன். 342இல் அந்தக் கிணற்று வாக்கியம் பாதியில் நின்று, பக்கத்தில் நான் புள்ளி வைத்திருந்ததையும் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தக் கிணறு எங்க பொறந்தாத்துக் கிணறுப்பா" என்றார். "வடக்கு மாட வீதியில. அவர் கேட்டுத்தான் நான் சொன்னேன். மீதி எனக்குத் தெரியும்."

நோட்டும் பேனாவும் எடுத்தேன். 342இன் மறுபாதி இப்போது இருக்கிறது. அது மாமியின் சொல், மாமாவுடையது இல்லை என்று தலைப்பில் தெளிவாகக் குறித்து வைத்திருக்கிறேன். பதிப்பில் அதுவும் முக்கியம்.

மிச்ச 31க்கு இடம் காலியாக இருக்கிறது. 2012, 2013 வாக்கில் மயிலாப்பூரைப் பற்றி வாரம் ஒரு குறிப்பு படித்த ஞாபகம் உங்களில் யாருக்காவது இருந்து, பழைய மெயிலிலோ அச்செடுத்த தாளிலோ ஒன்று கிடைத்தால், எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.